பதினைந்து தடவை

— எட்டு, ரெண்டு, பூஜ்யம், அஞ்சு. இது என்ன எண்ணும்மா?

— பேரிக்காயோட தலையை மட்டும் சீவு, தேஜூ. முழுசாத் தோலை உரிச்சா உங்கப்பா தொடமாட்டார். அவர் போய் வருஷம் ஒண்ணாச்சு, முதல் படையல். இப்பப் போயி எண்ணாம் கிண்ணாம்!

— நம்ம வாசக்கதவுப் பூட்டு இருக்கில்ல, அதாவது, யாரு எதை அமுக்கினாலும் அதுல பதிவாகும். அஞ்சு தடவை தப்பானா மூணு நிமிஷம் தூங்கிடும். அப்புறம் தானா முழிச்சுக்கும். அப்பா விறைச்சுப் போன அன்னிக்கு, வெளிய பனியில நின்னுக்கிட்டு இந்த எண்ணைப் பதினஞ்சு தடவை அமுக்கியிருக்கார்.

— பதினஞ்சா?

— யாரோட பிறந்தநாளும் இல்ல, போன் நம்பரும் இல்ல. ஒரு வருஷமா மண்டையைக் குடையுது. உங்ககிட்ட கேக்கப் பயமா இருந்துச்சு.

— என் கண்ணைக் காட்ட நீ என்னைக் கூட்டிட்டுப் போன நேரம். வீட்ல ஒரு ஆள் இல்ல. பக்கத்து வீட்டுக்காரி கூடவா பார்க்கல?

— பார்த்தாங்களாம். அப்பா கையாட்டினாராம். அவங்களும் சிரிச்சுக்கிட்டே கையாட்டிட்டுக் கார்ல ஏறிட்டாங்க.

— அவருக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் 'தேங்க்யூ' ஒண்ணுதான். அதையும் சொல்லியிருப்பார், மனுஷன்.

— இந்த வீட்டு எண்ணை நூறு தடவை சொல்லிக் குடுத்தேன்மா. கடைசில கத்திட்டேன். 'அமெரிக்கா வந்தாச்சு, பழசையெல்லாம் மறந்து தொலைங்கப்பா'ன்னு.

— அவரும் மறக்கத்தான் பார்த்தார், ராசா. உன் பொண்ணு மெச்சணும்னு கிம்சி ஊறுகாயைக்கூடக் குச்சியை விட்டுட்டு முள்கரண்டியால குத்தித் தின்னார்.

— அப்ப இந்த எண்ணு?

— கொரியாவுல, நம்ம தேஜோன் ஊரு வீட்டுக் கதவுப் பூட்டோடது.

— அதை வித்துட்டுத்தானே உங்களை இங்க கூட்டிட்டு வந்தேன். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?

— நீ இங்க வந்த பிறகு போட்ட பூட்டு. நீ லீவுக்கு வர்றப்பெல்லாம் அவரே கதவைத் திறந்து வச்சுக்கிட்டு வாசல்ல நிப்பார். உனக்கு எண்ணு எங்க தேவைப்பட்டுச்சு?

— அம்மா...

— அழாதே. பேரிக்காய் மேல சொட்டுது பாரு. போய் வாசக்கதவைத் திறந்து வை. செத்தவர் சாப்பிட உள்ள வரணும்ல.

— திறந்தே கிடந்தா இந்தப் பூட்டு கத்தும்மா. இருங்க.

— அங்க என்னடா பண்ற?

— எண்ணை மாத்துறேன். எட்டு, ரெண்டு, பூஜ்யம், அஞ்சு. நம்ம எல்லாருக்கும் இனிமே இதுதான்.

— திறக்குதா?

— திறக்குதும்மா.

— அப்ப சாத்திட்டு வா. அவரே திறந்துக்குவார்.