அடிக்கு ஒன்பது அங்குலம்

ஐயா, அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடும். சுவரோரம் இருப்பதில் உட்காருங்கள். என் வாக்குமூலத்தை நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் கையெழுத்திட மாட்டேன்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். என் மகன் கூரை போடப் போன அந்தக் கிடங்கின் அகலம் இருபத்துநான்கு அடி. சுவர் மட்டத்திலிருந்து முகடு ஒன்பது அடி உயரம். கூரை இரு பக்கமும் சரிவதால் அகலத்தில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். பன்னிரண்டு அடிக்குள் ஒன்பது அடி ஏறுகிறது. அதாவது, அடிக்கு ஒன்பது அங்குலம். சரிவின் நீளம் பதினைந்து அடி. கட்டடத்தின் நீளம் நாற்பது அடியாதலால், இரு பக்கமும் சேர்த்துப் பரப்பளவு ஆயிரத்து இருநூறு சதுர அடி. இவை அனைத்தையும் என் மருமகள் பட்டறை வாசலிலுள்ள கரும்பலகையில் பிழையின்றி எழுதியிருந்தாள்.

என் கணவர் போன பிறகு அந்தப் பலகையில் எழுதிவந்தவள் நான். கூரை வேலை மகனுடையது, கணக்கு என்னுடையது. மருமகள் வந்ததும் சுண்ணக்கட்டி கைமாறியது. அதை நான் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன். ஒருநாள் சாப்பிடும்போது மகன் விளையாட்டாகச் சொன்னான்:

“அம்மா போட்ட கணக்குன்னா ஏறுறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை அளந்து பார்த்துடுவேன். இவ போட்டா கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்.”

“சும்மா இருங்க, அத்தை மனசு நோகப்போகுது” என்றாள் அவள்.

என் மனம் நோகவில்லை. நோகும் என்று அவள் இரக்கப்பட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சரிவு அடிக்கு ஆறு அங்குலத்தைத் தாண்டினால் கயிறும் இடுப்பு வாரும் வண்டியில் ஏறும், தாண்டாவிட்டால் ஏறா. பலகையைப் பார்த்துச் சாமான் ஏற்றுபவன் வண்டியோட்டி. கழுத்து நீளமாதலால் அவனை எல்லோரும் ஒட்டகம் என்பார்கள்.

அன்று காலை மருமகள் குளிக்கப் போயிருந்தபோது, ஒன்பதை அழித்துவிட்டு நாலரை என்று எழுதினேன். பாதி அகலத்துக்குப் பதிலாக முழு அகலத்தை எடுத்தால் வரும் விடை அது. புதிதாகக் கற்பவர்கள் செய்யும் பிழை. அவள் கையெழுத்தைப் போலவே சாய்த்து எழுதினேன். பரப்பளவை நான் தொடவில்லை. தகடு பற்றாமல் வேலை நின்றால் நமக்குத்தானே கெட்ட பெயர்?

மகன் கூரையை நேரில் பார்ப்பான், கயிறு எடுக்கத் திரும்பி வருவான், வந்ததும் அவளை நாலு வார்த்தை கேட்பான் என்று எண்ணினேன். அதைக் கேட்பதற்காகவே வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

ஒட்டகம் மட்டும் வந்தான்.

“பாத்தாலே செங்குத்தா இருக்குண்ணே, தூறல் வேற போடுது, போய்க் கயிறு எடுத்தாந்துடறேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், பெரியம்மா. ‘என் பொண்டாட்டி கணக்கையே திருத்துறியாடா?’ன்னு சிரிச்சுக்கிட்டே ஏறிட்டாரு. பாதி சரிவுல கால் வழுக்கிடுச்சு” என்றான்.

மகனின் காரியங்கள் முடிந்தபின் மருமகள் என்னருகே வந்து உட்கார்ந்தாள்.

“அத்தை, நான் பாதிதானே எடுத்தேன்? ஒன்பதுன்னுதானே எழுதினேன்?”

“அவசரத்துல தப்பு வர்றது சகஜம்மா. மனசைத் தேத்திக்கோ” என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

தவறு தன்னுடையதே என்று அவள் உங்களிடம் எழுதிக்கொடுத்திருப்பதாக நேற்றுக் கேள்விப்பட்டேன். துக்கம் கேட்க வருகிறவர்களும் அதையே சொல்கிறார்கள்: அவளை எவ்வளவு நம்பியிருந்தால் அப்படி ஏறியிருப்பான் என்று. அது உண்மையன்று, அதைத் திருத்தவே உங்களை வரவழைத்தேன். பலகையில் இருந்தது அவள் கணக்கன்று, ஐயா. என் மகன் கடைசியாக, ஒருமுறைகூட அளந்து பாராமல் நம்பி ஏறியது என் கணக்கை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.