கூம்புச் சோற்றின் நுனி

ஆர்க்கிட் கன்றுகளுக்கு வாழைப்பழம் என்றால் உயிர். பழத்தை மசித்து, இளநீர் சேர்த்து, கடற்பாசிக் கூழோடு காய்ச்சி ஜாடியில் ஊற்றினால் போதும், கண்ணுக்கே தெரியாத விதைகூடப் பச்சை பிடித்துவிடும். புதிதாக வரும் மாணவர்கள் எனக்குத் தெரியாமல் அந்தக் கூழை நக்கிப் பார்ப்பார்கள். நீயும் நக்கினாய், சுலஸ்திரி. இன்று இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து என்னை விசாரிக்கிறாய். எனக்கு அதில் வருத்தமில்லை, பெருமைதான்.

என் ஆய்வகத்தை மேதைகளின் நாற்றங்கால் என்று பத்திரிகைகள் எழுதின. நான் மதிப்பெண் பார்த்து ஆள் எடுத்ததில்லை, கையைப் பார்ப்பேன். ஸ்பிரிட் விளக்கின் பக்கத்தில் ஜாடியைத் திறந்து, மூச்சை அடக்கிக் கன்றை மாற்றி மூட வேண்டும். ஒரு மூச்சு உள்ளே போனாலும் சில நாளில் பூஞ்சை பூத்துவிடும். அதனால் அந்த அறையில் பாட்டு, தும்மல், காதல் மூன்றுக்கும் தடை. காதல் மட்டும் தடையை மீறியது. அந்தக் கல்யாணங்களில் எல்லாம் முதல் பந்தி எனக்குத்தான்.

என் முதல் மேதை ஹெர்மன். நெதர்லாந்தில் இடம் கிடைத்து அவன் கிளம்பியபோது விருந்து வைத்தோம். நம் ஊர் வழக்கப்படி மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து, நுனியை வெட்டி, தான் மிகவும் மதிக்கிறவருக்குக் கொடுக்க வேண்டும் அல்லவா? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டைக்கூட நீட்டிவிட்டேன். அவன் நுனியை வெட்டி, வாசலில் நின்ற தன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். பிள்ளை அம்மாவுக்குக் கொடுப்பதில் என்ன தப்பு? வலித்தது, அவ்வளவுதான். போனவன் திரும்பி வரவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. கண்ணாடிக்குள் வளர்ந்த கன்றை அவசரப்பட்டு வெளியே எடுத்தால் வெயிலில் சுருண்டுபோகும். பிள்ளைகளும் அப்படித்தான். நன்றாக வருகிறவர்களை இன்னும் கொஞ்ச காலம் உள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

வழி சுலபம். நம் போகோர் ஊரில் பிற்பகல் மழைக்குக் குறைவில்லை. எல்லோரும் உணவகத்தில் ஒதுங்கியிருக்கும்போது ஜாடியைத் திறப்பேன். ஒரு மூச்சு விடுவேன். மூடிவிடுவேன். விஷமில்லை, உடைப்பில்லை. எல்லோருக்கும் நேர்கிற விபத்துதான், கெட்டிக்காரர்களுக்குக் கொஞ்சம் அடிக்கடி நேர்ந்தது. அழுதுகொண்டு என்னிடம்தான் வருவார்கள். சூடாக இறைச்சி உருண்டை சூப் வாங்கிக் கொடுத்து, மறுபடி ஆரம்பிக்கலாம் என்பேன். அப்போது அவர்கள் என்னைப் பார்ப்பார்களே ஒரு பார்வை, அது வேறெந்த ஆசிரியருக்கும் கிடைத்திருக்காது.

திமாஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிசகிவிட்டது. மறுபடி மறுபடி ஜாடி கெட்டதும், தன் கையில்தான் குறை என்று நம்பிவிட்டான். தோல் உரிகிற வரை சோப்புப் போட்டுத் தேய்த்தான். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறான், எதையும் தொடுவதில்லை. ஒவ்வொரு லெபாரான் பெருநாளுக்கும் ஆரஞ்சு கொண்டுபோகிறேன். உரித்து ஊட்டியும் விடுகிறேன்.

பிறகு லராஸ் வந்தாள். அவளைப்போல ஒரு கையை நான் பார்த்ததில்லை. மழைக்காலம் முடிவதற்குள் கன்றுகளைக் காட்டினால் ஜெர்மனியில் இடம், இல்லாவிட்டால் இல்லை. அவள் ஜாடிகள் இரண்டு தடவை பூஞ்சை பூத்து வெளுத்துப்போயின. இரண்டு தடவையும் சூப் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது தடவையும் வெளுத்தன. ஆனால் பக்கத்திலேயே சக மாணவன் உஜாங்கின் ஜாடிகள் பச்சைப்பசேலென்று நின்றன. உஜாங் நல்ல பையன், தொட்டியில் மிளகாய்ச் செடியைக்கூடக் காயவிடுகிறவன்.

லராஸ் இந்த முறை அழவில்லை. எப்போதும்போல மரியாதையாக 'பாக்' என்றுதான் என்னைக் கூப்பிட்டாள்.

"உஜாங் ஜாடியெல்லாம் எப்படி வந்திருக்கு பாத்தீங்களா, பாக்?"

"பாத்தேம்மா. அவனுக்கும் ஒரு நல்ல காலம் வரவேணாமா?"

"அதெல்லாம் என்னோடது, பாக். அவன் பேர ஒட்டி வச்சேன். என் பேர்ல கெட்டுப்போனதுதான் அவனோடது." சிரித்துக்கொண்டே சொன்னாள். "பூஞ்சைக்குப் படிக்கத் தெரியாது, பாக். பேரப் பாத்துப் புடிக்கிறது வேற யாரோ."

எவ்வளவு அழகான சோதனை! கைதட்ட வேண்டும்போல இருந்தது. எதையும் நம்பாதே, சோதித்துப் பார் என்று கற்றுக்கொடுத்தவன் நான்தானே. நேற்று அவள் ஜெர்மனிக்குக் கிளம்புகிற விருந்து. நுனியை வெட்டி உஜாங்கிடம் கொடுத்தாள், பேர் கொடுத்த புண்ணியவான் என்று. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் வீட்டுக்கு வந்துதான் சோறு இறங்கவில்லை.

வேறு யார் யார் என்று கேட்டாய். எல்லாப் பெயரும் சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. உனக்கு ஜப்பானில் இடம் கிடைத்த வருஷம் நினைவிருக்கிறதா, சுலஸ்திரி? உன் ஜாடிகள் ஒன்று விடாமல் வெளுத்தன. சாப்பிடாமல் கிடந்தாய், நான்தான் சூப் வாங்கி வந்தேன். அந்த மூச்சும் என்னுடையதுதான். நீ போயிருந்தால் இந்த நாற்காலி உனக்கு ஏது?

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டாய்? எழுதிக்கொள், அம்மா. நீ இயக்குநரான அன்று சோற்று நுனியை யாருக்குக் கொடுத்தாய் என்பதையும் சேர்த்து எழுது.