விறைத்துக் கிடந்த எலிக்குருவி

— பப்பாளி மரத்தடியில கெடந்துச்சு, முசெம்பி. வெரலை வச்சுப் பாரேன், கல்லு மாதிரி இருக்கு.

— செத்ததைத் தூக்கிப் போடு, முவேனி. எலி மாதிரி கெளையில ஊருற இந்த எலிக்குருவிக் கூட்டம் ஒரு பழத்தை விட்டு வைக்கல.

— போடறதா! மியூசியத்துல நாங்க இதோட எலும்புக்குத்தான் ஆறு மாசமா அலையுறோம். கல்லுலேர்ந்து எடுத்த எலும்போட வச்சுப் பாக்கணும்.

— இத்தனூண்டு குருவிக்குக் கல்லுல எலும்பா?

— இதோட பாட்டன் பூட்டனோடது. ஒரு காலத்துல கடல் தாண்டி வெள்ளைக்காரன் ஊர்லகூட இந்தக் குடும்பம் இருந்துச்சாம். இப்ப ஆறே வகை, அதுவும் நம்ம ஆப்பிரிக்காவுல மட்டும்தான்.

— ஆறும் என் தோட்டத்துலதான் திங்குது. கஞ்சி ஆறுது, அதை மடியிலேர்ந்து எறக்கி வச்சிட்டு வா.

— இரு இரு... முசெம்பி, கால் ஆடுது!

— ஒன் கை நடுங்குது. நம்ம பக்கம் ஜூலைதான குளிர்காலம்.

— இல்லப்பா, இங்க பாரேன், கண்ணு தொறக்குது! மியூசியத்துல சொன்னாங்க. வயிறு காஞ்சு, குளிரும் சேந்துட்டா ஒடம்பு அப்படியே அணைஞ்ச மாதிரி ஆயிடுமாம். சூடு பட்டா திரும்பி வந்துடுமாம்.

— மூச்சு? அப்போ மூச்சு இருக்குமா?

— இருக்கும், நமக்குத்தான் தெரியாது. ஏன் எந்திரிச்சிட்ட?

— எவ்வளவு நேரம் அப்படிக் கெடக்கும்?

— விடியுற வரைக்கும்கூட. என்னாச்சு ஒனக்கு?

— மனுஷனுக்கு... ரொம்பச் சின்ன ஒடம்புக்கு?

— நம்ம பிள்ளையை நெனைக்கிற. வேணாம் முசெம்பி. ஏழாம் மாசத்துல செத்தேதான் பொறந்தான். ரெண்டு வருஷமாச்சு.

— யாரு பாத்தா? ஒனக்கு ரத்தம் நிக்கல. மருத்துவச்சி அவனைச் சரியாப் பாக்காமயே ஒன்னை வண்டியில ஏத்திக்கிட்டு ஓடுனா. வீட்ல நானும் அவனும்தான்.

— சில்லுனு இருந்தான், மூச்சில்லைன்னு நீதான சொன்ன?

— சில்லுனுதான் இருந்தான். ஆனா ஒருதடவைகூட நான் நெஞ்சோட அணைக்கல. பயம். துணியில சுத்தி, நீ வந்து பாக்கறதுக்குள்ள பொதைச்சு முடிச்சிடணும்னு...

— நிறுத்து. குருவி வேற, பிள்ளை வேற. அன்னைக்கு நீ என்ன செய்ய முடியும்?

— மண்ணைத் தள்ளும்போது கீச்சுனு ஒரு சத்தம் கேட்டுச்சு. குருவின்னு நிமிந்து பாத்தேன், முவேனி. மரத்துல ஒண்ணுமே இல்ல. அப்புறமும் தள்ளினேன்.