மூணாவது தொட்டியில் ஏறின சூடு

— கம்பெனி கேட்டுல ஒட்டியிருக்கற உன் படத்தைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு இருக்கு. பார்த்துட்டு நேரா வேலைக்கு வந்துட்டேன்.

— அதை விடுங்க அண்ணி. நாளைக்கு பெரிய ஆபீசுல இருந்து வர்றாங்க. மூணாவது தொட்டியைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

— என்கிட்ட என்ன இருக்கு தாயே? நான் வால்வு திறக்கறவ, மூடறவ. பதினோரு வருஷமா அதானே. நீ படிச்சவ, லேப்காரி. வந்து ரெண்டு வருஷத்துல சோளத்தட்டையில இருந்து எத்தனாலை இரட்டிப்பா எடுத்தவ.

— ஒரே ஒரு தடவைதான் எடுத்தேன்.

— அந்த ஒரு தடவையே போதுமே. வீட்டுல உங்க அண்ணன் தட்டு முன்னாடி உக்காந்தா உன் புராணம்தான். 'என் தங்கச்சி மூளை, என் தங்கச்சி மூளை.' கட்டிக்கிட்டவளும் அதே கம்பெனியிலதான் வேலை பாக்கறான்னு ஒரு நாளாவது சொல்லியிருப்பாரா?

— அண்ணன் அப்படித்தான். நீங்க மனசுல வச்சுக்காதீங்க.

— வச்சுக்காம எங்க போடறது? நீ சேர்ந்த புதுசுல, தொட்டியில புளிக்கற நுரை எப்ப அடங்கும்னு உனக்குத் தெரியாது. தொட்டி மேல காதை வச்சுக் கேளுன்னு சொல்லிக் குடுத்தது யாரு?

— நீங்கதான்.

— அதை நீ ரிப்போர்ட்டுல 'ஒலி வழி கண்காணிப்பு'ன்னு எழுதின. கீழே உன் பேரு.

— அது தப்புதான் அண்ணி. அப்பவே உங்க பேரைச் சேர்த்திருக்கணும்.

— இப்ப என்ன திடீர்னு?

— இரட்டிப்பு வந்ததுக்கு முந்தின நாள், ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணாவது தொட்டிக்கு நீராவி அதிகமாப் போயிருக்கு. மீட்டர்ல இருக்கு. சூடு பதிவாகற தாளை யாரோ கிழிச்சிருக்காங்க. அந்த ஷிப்டுல நீங்க மட்டும்தான் இருந்தீங்க.

— இதை யாருகிட்ட எல்லாம் சொன்ன?

— நான் யாருகிட்டயும் சொல்லல.

— சொல்லு. போய் மானேஜர்கிட்டயே சொல்லு. ஆமா, நான்தான் திறந்தேன். தாளைக் கிழிச்சதும் நான்தான். அன்னிக்குக் காலையில உங்க அண்ணன் உனக்குப் புது கடிகாரம் வாங்கிட்டு வந்தாரு. என் கையிலயே குடுத்து, 'இதை அவகிட்ட குடு'ன்னாரு. உன் ஈஸ்ட் அத்தனையும் வெந்து சாகட்டும்னு வால்வைத் திருகினேன்.

— ஆனா முழுசா வேக விடாம மூடியிருக்கீங்க.

— சூடு ஏற ஏற உன் முகம் கண்ணு முன்னாடி வந்துச்சு. மூடிட்டேன். ஆனா பாரு என் அதிர்ஷ்டத்தை. கெடுக்கப் போனேன், மறுநாள் நீ ஜெயிச்சுட்ட. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். உள்ளங்கை எரிஞ்சுச்சு.

— உக்காருங்க அண்ணி. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. தட்டையைக் கரைக்கற மருந்துக்கு நல்ல சூடு வேணும். புளிக்க வைக்கற ஈஸ்டுக்கு சூடு ஆகாது. அதனாலதான் இத்தனை வருஷமா ரெண்டையும் தனித்தனியா செய்யறோம்.

— தெரியும். சூடாக்கி, ஆற வச்சு, அப்புறம் ஈஸ்ட்.

— அன்னிக்கு நீங்க ஏத்தின சூட்டுல ஈஸ்ட் முக்கால்வாசி செத்துடுச்சு. மிச்சம் தாக்குப் பிடிச்சுது. அது அந்தச் சூட்டுலயே பெருகி வேலை செஞ்சிருக்கு. கரையறதும் புளிக்கறதும் ஒரே நேரத்துல நடந்திருக்கு. அதான் இரட்டிப்பு.

— அப்ப நான் கெடுத்ததாலயா?

— ஆமா, என்னால இல்ல அண்ணி. இது புரியறதுக்கு முன்னாடியே தொட்டியைக் கழுவி விட்டுட்டோம். தாக்குப் பிடிச்ச அந்த ஈஸ்டுல ஒரு சொட்டு கூட எடுத்து வைக்கல. அதுக்கப்புறம் ஏழு தடவை செஞ்சு பார்த்துட்டேன். ஒண்ணு எல்லாம் செத்துடுது, இல்லன்னா பழைய அளவுதான் வருது.

— ஏழு தடவையா? வீட்டுல மூச்சு விடலையே நீ.

— எப்படிச் சொல்றது? அண்ணன் ஊரெல்லாம் பீத்திட்டாரு. உங்களுக்கு நான் படத்துல சிரிக்கறது மட்டும்தான் தெரியும். பத்து நாளா எனக்குத் தூக்கமே இல்ல. உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கிட்டு இருக்கேன்.

— என்னைப் பார்த்தா?

— உங்க கைக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. எந்த டிகிரியில மூடினீங்க அண்ணி? எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சு? எழுதிக்கறேன், சொல்லுங்க.

— சொல்ல மாட்டேன்.

— அண்ணி, நாளைக்கு அவங்க முன்னாடி திரும்பச் செஞ்சு காட்டணும், நான் என்ன செய்வேன்?

— நீ பக்கத்துல நின்னு எழுதிக்கோ. அன்னிக்கு ஏன் திறந்தேன்னு மொத்தத்தையும் அவங்ககிட்ட சொல்லிட்டு, வால்வை நான் திறக்கறேன்.