ஞாயிற்றுக்கிழமை சவாரி

மகள்: இல்லம்மா, தொப்பிக்கு நாடா கண்டிப்பா வேணும். கடல் காத்து ஒரே தூக்கா தூக்கிட்டுப் போயிடும்.

அம்மா: வைக்கிறேன்டி, ஊசி கோக்க விடு. உனக்கு முடிஞ்சது, எனக்கு முடிஞ்சது. உங்கப்பா தலைக்குத்தான் துணி பத்தலை.

அப்பா: என் தலைக்கு என்ன குறைச்சலாம்?

அம்மா: குறைச்சல் இல்லை, அதிகம். வேன் கழுவி முடிச்சாச்சா? உள்ள வாங்க. அந்த ஈரக் கையோட தையல் மெஷின் மேல சாயாதீங்க.

மகள்: அப்பா, உட்காருங்க. திட்டத்தைக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள கிளம்பறோம். கடலோரப் பாதை ஆரம்பிக்கிற இடத்துல வண்டியைப் போடறோம். அங்கேருந்து நடை! முதல்ல மணல், அப்புறம் பாறை, அப்புறம் ஒரு சின்ன காடு, அதைத் தாண்டினா அருவி...

அப்பா: விடியறதுக்குள்ளயா? அருவி என்ன ஓடியா போயிடும்?

மகள்: அருவி ஓடாது, கடல் ஏறும். நடுவுல ஒரு பாறை முனை இருக்குப்பா. வெயில் ஏறறதுக்குள்ள அதைச் சுத்திப் போயிடணும். அப்புறம் அலை பாறை மேல வந்துடும், பாதையே இருக்காது. சாயங்காலம் தண்ணி இறங்கினதும் அதே வழியா வந்துடலாம்.

அம்மா: அவருக்குப் போய் பாடம் எடுக்கறே? அங்க கொண்டு போய் எவ்வளவு பேரை இறக்கியிருப்பாரு!

அப்பா: இறக்கியிருக்கேன், ஏத்தியிருக்கேன். நடுவுல என்ன இருக்குன்னு நான் என்னத்தைக் கண்டேன்? சீட்டைச் சாச்சுப் போட்டுத் தூங்கிட்டிருப்பேன். சாயங்காலம் சொட்டச் சொட்ட வந்து என் சீட்டை எல்லாம் ஈரமாக்குவாங்க. எனக்குத் தெரிஞ்ச அருவி அவ்வளவுதான்.

மகள்: அதுக்குத்தான்ப்பா சொல்றேன்! நீங்களும் நனையுங்க! அந்த அருவி நேரா கடல்லயே விழுதாம். கீழ நின்னா மேலேருந்து நல்ல தண்ணி, பக்கத்துலேருந்து உப்புத் தண்ணி...

அப்பா: அடேயப்பா. யார் இந்தக் கதையெல்லாம் விட்டது?

மகள்: சத்தியமா! என் கூடப் படிச்சவ போயிட்டு வந்தா. வாயைத் திறந்துக்கிட்டு நின்னாளாம், எந்தத் தண்ணியைக் குடிச்சோம்னே தெரியலையாம்.

அம்மா: நீயும் வாயைத் திறந்துக்கிட்டு நிக்காதே. ஏங்க, ரொட்டியும் அவிச்ச முட்டையும் எடுத்துக்கலாம். ஆரஞ்சு வாங்கிக்கலாம். பழைய செருப்பைப் போட்டுக்கிட்டு வராதீங்க, பாறையில வழுக்கும்.

அப்பா: ம்...

மகள்: என்ன ‘ம்’? குதிப்பீங்கன்னு பார்த்தா...

அப்பா: குதிக்கிறேன், குதிக்கிறேன். சனிக்கிழமை போனா என்ன?

மகள்: சனிக்கிழமை அம்மா தைச்ச துணியெல்லாம் கொடுத்து முடிக்கணும்.

அப்பா: அப்போ அடுத்த ஞாயிறு...

மகள்: அப்பா. திங்கக்கிழமை நான் போறேன்ப்பா.

அப்பா: தெரியும்டா. ஏதோ வாய் தவறி...

மகள்: ஆஸ்பத்திரி வேலையில சேர்ந்தப்புறம் ஞாயித்துக்கிழமை லீவு கிடைக்குமான்னே தெரியாது. அப்படியே கிடைச்சாலும் இங்க வந்துட்டுப் போகவே அந்த நாள் பத்தாது. நான் சின்ன பிள்ளையா இருந்தப்பலேருந்து சொல்றீங்க, அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு...

அம்மா: கல்யாணம் ஆன புதுசுல என்கிட்டயும் சொன்னாரு. நீ வரிசையில பின்னாடி நில்லு.

அப்பா: ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்களா?

மகள்: போன வருஷம் செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறோம், போன் அடிக்குது. ‘சரிங்க சார், இதோ வந்துட்டேன் சார்.’ அம்மா கட்டின ரொட்டியை வீட்டுலயே உட்கார்ந்து தின்னோம்.

அப்பா: அது அவசரம்மா. அவங்க வீட்டுல உடம்பு சரியில்லாத ஆளு...

மகள்: அதுக்கு முன்னாடி தடவை?

அப்பா: அது... அது பழைய பார்ட்டி. இல்லைன்னு சொல்ல முடியுமா?

அம்மா: எங்ககிட்ட மட்டும் சொல்ல முடியும். சரி விடுடி. இந்தத் தடவை கட்டாயம் போறோம். இல்லைங்களா?

அப்பா: போறோம்... போறோம். அதுல ஒரு சின்ன...

மகள்: ஐயோ.

அப்பா: இன்னும் ஒண்ணும் சொல்லலையே!

மகள்: மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது! அம்மா, மெஷினை நிறுத்து. அப்பா எதையோ முழுங்கறாரு.

அம்மா: காது கேட்குது. ஓரம் அடிச்சுக்கிட்டே கேட்கறேன். சொல்லுங்க.

அப்பா: ஞாயித்துக்கிழமை... ஒரு சவாரி ஒத்துக்கிட்டேன்.

மகள்: என்னது?

அப்பா: இருடா, முழுசாக் கேளு. அந்த அருவிக்குத்தான்! யாரோ ஒரு குடும்பம். சின்ன குடும்பம்தான், பின் சீட்டெல்லாம் காலி. நீங்க ரெண்டு பேரும் பின்னாடி ஏறிக்கங்க, அங்க போய்...

மகள்: அங்க போய் நாங்க நடப்போம், நீங்க தூங்குவீங்க! எவனோ ஒருத்தன் குடும்பத்தோட குளிக்க எங்கப்பா வண்டி ஓட்டணும். எனக்கு அருவியே வேண்டாம்ப்பா. நீங்க கூட வரணும். அவ்வளவுதான் நான் கேட்டது.

அப்பா: அழாதடா...

மகள்: நான் அழலை. கோபமா இருக்கேன். எதுக்கு ஒத்துக்கிட்டீங்க? இன்னொரு நாள்னு சொல்லியிருக்கலாமே?

அப்பா: சொல்லியிருக்கலாம்.

மகள்: அப்புறம்?

அப்பா: ...எனக்குப் பயமா இருந்தது.

மகள்: எதுக்குப் பயம்? நடக்கறதுக்கா?

அப்பா: அவ்வளவு தூரம் உன் கூட நடக்கணும். மறுநாள் நீ கிளம்பறே. வழியெல்லாம் அதே நினைப்பா இருக்கும். ஸ்டியரிங் கையில இருந்தா ரோட்டைப் பார்த்துக்கிட்டே சமாளிச்சிடுவேன்... சும்மா கையை வீசிக்கிட்டு நடந்தா என்னால முடியாதுடா. உன் முன்னாடி அழுதுடுவேன்.

மகள்: அழுங்களேன்ப்பா. யார் வேண்டாம்னா?

அப்பா: போன் வந்ததும் சரின்னுட்டேன். வச்சப்புறம்தான் தப்பு பண்ணிட்டேன்னு தோணுச்சு. நேத்துலேருந்து இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் வேனைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டிருக்கேன்.

அம்மா: ஏங்க, அதுக்கப்புறம் அந்த ஞாயித்துக்கிழமைக்கு வேற யாரும் கேட்கலையா?

அப்பா: கேட்டாங்களே. அந்தப் பழைய பார்ட்டி கூட இன்னைக்குக் காலையில கேட்டாரு. ஒரு நாளைக்கு ஒரு சவாரிதானே, முடியாதுன்னுட்டேன்.

அம்மா: பழைய பார்ட்டிகிட்டயா? முடியாதுன்னா சொன்னீங்க?

அப்பா: ஒருத்தருக்கு வாக்கு கொடுத்தாச்சுல்ல. அப்புறம் எப்படி மாத்தறது?

மகள்: கேட்டியாம்மா? வாக்காம் வாக்கு!

அம்மா: கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தக் குடும்பம் எங்க ஏறுதாம்?

அப்பா: நம்ம தெரு முனையில வந்து நிக்கிறாங்களாம். விடியறதுக்கு முன்னாடியே. கொஞ்சம் விவகாரம் பிடிச்ச பார்ட்டிதான்... நான் சரின்னு ஒத்துக்கிட்டப்புறம்தான் சொல்றாங்க, டிரைவர் வண்டியில தூங்கக் கூடாதாம், அருவி வரைக்கும் கூட வந்து பையைத் தூக்கணுமாம்.

மகள்: இது என்னம்மா அநியாயம்? எங்கப்பாவைப் பை தூக்கச் சொல்ல அவங்க யாரு?

அப்பா: அதோட போனை வண்டியிலயே வச்சுட்டு வரணுமாம். இப்படி ஒரு கண்டிஷனை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மகள்: ...அம்மா, நீ எதுக்குச் சிரிக்கிறே?

அம்மா: யாரு சிரிச்சா?

மகள்: தோள் குலுங்குது!

அப்பா: ஏய்... என்னடி விஷயம்? அந்த பார்ட்டியை உனக்குத் தெரியுமா?

அம்மா: நல்லாத் தெரியும். உங்க கூட போன்ல பேசினவரு நான் நூல் வாங்கற பட்டன் கடைக்காரர். நான் பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல அவர் பேசினாரு. வீட்டுக்குக் கொடுத்த வாக்கைத்தான் நீங்க மாத்துவீங்க, பார்ட்டிக்குக் கொடுத்ததை மாத்தவே மாட்டீங்க. அதான், வேற யாரும் கேட்கறதுக்கு முன்னாடி இந்த ஞாயித்துக்கிழமையை நானே எடுத்துக்கிட்டேன்.