தொழில் பக்தி

“உங்க தாய்மாமன் செவுத்தோட பேசறாரு, எங்க பையன் யாரோடவும் பேச மாட்றான். ரெண்டும் ஒரே பாவு நூலுன்னு டாக்டரே சொல்ட்டாரு.”

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனை, மாத்திரை வாங்கும் வரிசை. சொன்னவள் பையனுடைய அத்தை. கூட நின்றவள் அவன் சித்தி, அம்மாவின் தங்கை. பையனை வைத்துக்கொண்டு அவன் அம்மா வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள்.

“பாவுன்னு அவரு சொல்லலக்கா. இவனோட ஆட்டிசத்துலயும் மாமாவோட ஸ்கிசோஃப்ரினியாவுலயும் மூளைல சில வேலை ஒரே மாதிரி நடக்குதாம். அவ்ளோதான்.”

“அதத்தான் நானும் சொல்றேன். ஒரே பாவுல மூணு சேல நெய்யறோம். கலரு வேற வேற, இழை ஒன்னுதான். இழை உங்க வூட்டுது. கல்யாணத்தப்ப மாமன் பெங்களூர்ல கீறாருன்னு மறச்சிட்டீங்க.”

“ரெண்டு வூட்டுப் பக்கமும்தான் டாக்டர் விசாரிச்சாரு.”

“விசாரிக்கட்டுமே. எங்க பக்கம் அப்டி யாரும் இல்ல. எங்கப்பா தறில குந்தினா பத்து மணி நேரம் ஒரு வார்த்த பேச மாட்டாரு. தண்ணி டம்ளர நகத்தி வெச்சாகூட அன்னிக்கு வேல நின்னுடும். பிள்ளையார்பாளையத்துலயே அவரு மாதிரி சேலைல பூ புட்டா போட ஆளில்ல. அதுக்குப் பேரு தொழில் பக்தி.”

வரிசை ஓர் அடி நகர்ந்தது. சித்தி சீட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“அதையும் டாக்டர் எழுதிக்கினாரு.”

“அத யாரு அவராண்ட சொன்னது?”

“நீங்கதான்க்கா. நீங்க பெருமையா சொல்லிக்கினே இருந்தீங்க, அவரு எழுதிக்கினே இருந்தாரு.”