பெட்டியில் அடங்காத கார்டு

சித்தி: மெதுவா... மெதுவா. தகரம் கீறிடப் போகுது.

மகள்: போக மாட்டேங்குது சித்தி.

சித்தி: கொஞ்சம் சாய்ச்சுப் பாரேன். சோபாவை வாசல் வழியா கொண்டு வந்தோமே, அந்த மாதிரி.

மகள்: சோபாவுக்குக் காலைக் கழட்டிட்டோம். கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கால் எங்க இருக்கு?

சித்தி: மூணு ஃபேன் இருக்கே. அதுல ஒண்ணைக் கழட்டிட்டா...

மகள்: கேம்ல படம் காட்டறதே இந்தக் கார்டுதான், ஃபேன் இல்லன்னா சூட்டுல கருகிடும். நீங்க தையல் மெஷின்ல ஊசியைக் கழட்டிட்டுத் தைப்பீங்களா?

சித்தி: சரி, கோவிச்சுக்காத. இந்தா டேப். அளந்துதான் பாரு.

மகள்: கார்டு முப்பத்திரண்டு சென்டிமீட்டர். கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள்ள இடம்... இருபத்திரண்டு.

சித்தி: அடடா.

மகள்: ஒரு நூல் ரெண்டு நூல்னா எப்படியாவது சமாளிக்கலாம். பத்து சென்டிமீட்டருக்கு நான் எங்க போவேன்?

சித்தி: கார்டு மட்டும் என் பரிசா இருக்கட்டும்னு ஆசையா வாங்கினேன். இப்படி ஆகும்னு யார் கண்டா?

மகள்: நான் சொன்னது ரெண்டு ஃபேன் வெச்ச கார்டு.

சித்தி: ரெண்டே நல்லா இருக்குன்னா, மூணு இன்னும் நல்லா இருக்குமேன்னு...

மகள்: எட்ட நின்னு பார்த்தே ஒருத்தரோட தோள் அளவைச் சொல்றவங்க நீங்க. உங்க கடையில தைச்ச சட்டை யாருக்காவது அளவு சரியில்லைன்னு திரும்பி வந்திருக்கா?

சித்தி: யானைக்கும் அடி சறுக்கும்.

மகள்: சறுக்கின யானை எந்திரிச்சுப் போயிடுச்சு. என் கார்டுதான் பாதியில நிக்குது.

சித்தி: மத்ததெல்லாம் சேர்ந்துடுச்சா?

மகள்: எல்லாம் கச்சிதம். பிராசஸர் இந்த மதர்போர்டுல உட்காரும். ரேம் இந்தக் குழிக்குன்னே வாங்கினது. ஒவ்வொண்ணுக்கும் பொருத்தம் பார்க்கறதுக்குள்ள எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு.

சித்தி: என்னைக் கட்டிக்கும்போது உங்கப்பாகூட இவ்வளவு பார்க்கல.

மகள்: அதோட பலனைத்தான் வீட்லயே பார்க்கறேனே.

சித்தி: என்ன பார்த்த?

மகள்: ஒண்ணுமில்ல. ஸ்க்ரூடிரைவரைக் குடுங்க.

சித்தி: பேச்சை மாத்தாத... சரி, இந்தக் கேபினெட்டைக் குடுத்துட்டுப் பெருசா ஒண்ணு வாங்கிக்கலாமா?

மகள்: பையில போட்டுத் தூக்கிட்டுப் போற மாதிரி வேணும்னுதானே இதைத் தேடிப் பிடிச்சேன்? அடுத்த மாசம் ஹாஸ்டலுக்குப் போறேன். அங்க மேஜை மேல பெரிய கேபினெட்டை வெச்சா, நான் ஜன்னல்ல தொங்கணும்.

சித்தி: அப்போ கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும்.

மகள்: அது இங்க, நான் அங்கயா?

சித்தி: இல்ல... அதாவது...

மகள்: அதாவது?

சித்தி: ஒண்ணுமில்ல. முதல்ல இதுக்கு உயிர் இருக்கான்னு பார்க்க வழி உண்டா?

மகள்: உண்டு. கேபினெட் இல்லாமலே ஓட்டலாம். மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டி மேல வெச்சு எல்லாத்தையும் இணைச்சிடலாம்.

சித்தி: குளிப்பாட்டிட்டுச் சட்டை போடாம உட்கார வெச்ச குழந்தை மாதிரி.

மகள்: அதேதான். உங்க வெட்டற மேஜையைக் காலி பண்ணுங்க. நூல் பிசிறு ஒண்ணுகூட இருக்கக் கூடாது.

சித்தி: இரு, ஊதிடறேன்.

மகள்: ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும். துணியால துடைங்க. போர்டைத் தொடறதுக்கு முன்னாடி அந்த இரும்பு நாற்காலியைத் தொடுங்க. உடம்புல இருக்கற கரண்டு இறங்கட்டும்.

சித்தி: என் உடம்புல கரண்டா? காலையில மாடிப்படி ஏறும்போது எங்க போச்சு அது?

மகள்: சிரிப்புக் காட்டாதீங்க... இதைப் பிடிங்க. இது இங்க... அது அங்க. முடிஞ்சுது. போடவா?

சித்தி: கொஞ்சம் இரு.

மகள்: என்ன?

சித்தி: ஒண்ணுமில்ல. நீ கொஞ்சம் தள்ளி நின்னு போடு.

மகள்: ஏன், வெடிகுண்டா இது? ...போட்டாச்சு.

சித்தி: சுத்துது. மூணும் சுத்துது. பார்த்தியா, மூணு இருந்தா எவ்வளவு அழகா இருக்கு.

மகள்: திரையில ஒண்ணும் வரலையே.

சித்தி: வரும், பொறு.

மகள்: வரல சித்தி. போச்சு. பிராசஸரை வெக்கும்போது எதையோ வளைச்சுட்டேன்.

சித்தி: அழாத. திரையோட கேபிளை எங்க சொருகின?

மகள்: போர்டுல.

சித்தி: படம் காட்டறது கார்டுதான்னு இப்பத்தானே சொன்ன? அப்போ கார்டுலதானே சொருகணும்? ஊசில கோக்க வேண்டிய நூலைப் பக்கத்துல இருக்கற கம்பில சுத்தி வெச்சிருக்கடி.

மகள்: ரெண்டு வருஷத்துல முதல் தடவையா என்னை 'டி' போட்டீங்க.

சித்தி: வாய் தவறி வந்துடுச்சு...

மகள்: தவறினது தவறினதாவே இருக்கட்டும். கேபிளை மாத்தறேன். இப்போ போடறேன்... சித்தி. சித்தி, வந்துடுச்சு.

சித்தி: வந்துடுச்சா? ஐயோ, ஆமா, எழுத்தெல்லாம் வருது.

மகள்: கார்டு பேரைக்கூடக் காட்டுது பாருங்க. நான் பண்ணினது. என் கையால.

சித்தி: உன் கையால. கட்டிப் பிடிச்சுக்கலாமா, இல்ல முதல்ல இரும்பைத் தொடணுமா?

மகள்: அதெல்லாம் வேண்டாம், வாங்க... மூச்சு முட்டுது, விடுங்க.

சித்தி: ரெண்டு பேர் ஆடற ஆட்டம் இதுல உண்டா?

மகள்: கார் ரேஸ் இருக்கு. காலுக்குப் பெடல்கூட வாங்கலாம். நீங்க ஆடுவீங்களா?

சித்தி: பெடல் மிதிக்கறதுல என்னை ஜெயிக்க இன்னொருத்தி பொறந்து வரணும்.

மகள்: பார்ப்போம்... சித்தி, ஒண்ணு கேட்கவா? நிஜமாவே அளவு பார்க்காமத்தான் கார்டை வாங்கினீங்களா?

சித்தி: பார்த்தேன். கேபினெட் வந்த அன்னிக்கு நீ குளிக்கப் போனப்போ டேப் வெச்சு அளந்தேன். அப்புறம் இருக்கறதுலயே நீளமான கார்டாத் தேடினேன். பெட்டி பெருசானா, நீ தூக்கிட்டுப் போக முடியாதில்ல?

மகள்: இதுக்குப் பதிலா, போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

சித்தி: எப்படிச் சொல்ல? நீ பொறந்து வளர்ந்த வீடு. நான் நேத்து வந்தவ. 'என்னை இருன்னு சொல்ல நீங்க யாரு'ன்னு கேட்டுட்டீன்னா? உங்கப்பாவும் 'அவ இஷ்டம்'னு சொல்லிட்டாரு. எனக்கு நீ இந்த வீட்ல வேணும். அவ்வளவுதான்.

மகள்: நான் இருந்தா உங்க ரெண்டு பேருக்கும் இடைஞ்சல்னு நினைச்சேன். யாரும் தடுக்கல... அப்போ நான் போனா நிம்மதின்னுதானே அர்த்தம்?

சித்தி: நல்லா அர்த்தம் பண்ணின. ரெண்டு பேருமா சேர்ந்து ஊமையா இருந்திருக்கோம்.

மகள்: ம்.

சித்தி: இன்னொண்ணையும் சொல்லிடறேன். நீ ஸ்விட்சைப் போட்டப்போ எனக்கு உயிரே இல்ல. சின்னக் கார்டுக்குன்னு நீ வாங்கின பவர் சப்ளை, இத்தனை பெரிய கார்டு இழுக்கற கரண்டைத் தாங்குமா, என் திருட்டுத்தனத்தால எல்லாம் கருகிடுமோன்னு... நல்ல வேளை, தாங்கிடுச்சு.

மகள்: அது சின்னக் கார்டுக்கு வாங்கினது இல்ல சித்தி. நீங்க ஆர்டர் போட்டது என் ஆன்லைன் ஷாப்பிங் கணக்குலேர்ந்து. கார்டு பேரு, நீளம் எல்லாம் போட்டு மெசேஜ் எனக்குத்தான் வந்துச்சு. மறுநாளே போய் இந்தக் கார்டைத் தாங்கற பவர் சப்ளையா வாங்கிட்டு வந்தேன். ஹாஸ்டல்ல ரூம் பார்த்துட்டு வரேன்னு கிளம்பினேனே... அன்னிக்குத்தான். ரூம் பார்க்கவே இல்ல; நீங்களா இருன்னு சொல்ல மாட்டீங்களான்னு காத்திருந்தேன்.